வீட்டுக் கணினித் தரவுகளும் காப்புப்பிரதியின் அவசியமும்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் தங்கியிருந்த இலங்கை அரச முகில் கட்டமைப்பின் மீது கப்பம் கோரும் நச்சு நிரல் ஒன்று தாக்குதல் நடத்தியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். கட்டமைப்பு சில மணி நேரத்திலேயே மீட்கப்பட்ட போதிலும், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளக் கிடைக்கவில்லை. காப்புப்பிரதி இருக்கவே செய்தது. ஆனால் அதுவும் அதே கட்டமைப்புடன் இணைந்திருந்தமையால் மூலத்துடன் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

அரசாங்கத்துக்கே நேர்ந்த இக்கதி எமது வீடுகளுக்கு நேராது என்று நாம் கருதுவதற்கில்லை. பிள்ளைகளின் புகைப்படங்களும், மறைந்த பெற்றோரின் குரற்பதிவுகளும், காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளும் இன்று ஒரே கணினிக்குள் குவிந்து கிடக்கின்றன. ஒரே பிரதியை நம்பியிருப்பதன் விலையை எமது சமூகங்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்த சுவடிகளுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், யுத்த காலத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும், 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்த கரையோர மக்களும் தொலைந்த உறுதிகளுக்காகவும் சான்றிதழ்களுக்காகவும் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. ஸ்கேன் செய்யப்பட்ட பிரதி மூல உறுதிக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியன கையிலிருப்பின் காணிப் பதிவகத்தில் தேடும் வேலை பெருமளவு குறையும்.

வெளியிணைப்பு வன்தட்டு ஒன்றை வாங்கச் செல்வோர் முதலில் எதிர்கொள்ளும் குழப்பம் இணைப்பு வகை பற்றியதாகும். ஃபயர்வயர், ஈ-சாட்டா என ஒரு காலத்தில் பேசப்பட்டவை வழக்கொழிந்துவிட்டன. தண்டர்போல்ட் விலை மிகுந்த கணினிகளோடு நின்றுவிட்டது. ஏனையோருக்கு எஞ்சியிருப்பது யூ.எஸ்.பி. மட்டுமே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0இன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதாலும், இடையில் ஏற்படும் விரயத்தாலும், நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் வரையே கிட்டும். 2008இல் வந்த 3.0இன் வேகம் 5 ஜிகாபிட். இதுவே பின்னர் 3.1 முதலாம் தலைமுறை என்றும், 3.2 முதலாம் தலைமுறை என்றும் பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியதேயன்றி வேகம் மாறவில்லை.

சுழலும் தட்டைக் கொண்ட சிறிய வன்தட்டு விநாடிக்குப் பொதுவாக 100 முதல் 130 மெகாபைட் வரையே எழுதவல்லது. ஆகவே அதற்கு 5 ஜிகாபிட் இணைப்பே தாராளமாகப் போதும். 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்காக மேலதிகப் பணம் செலுத்துவது வீண் என்பதே எமது கருத்து. 500 ஜிகாபைட் தரவைப் பிரதி செய்யப் பழைய 2.0 துவாரத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரமும், 3.0 துவாரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமும் செல்லும். அதுவும் முதன்முறைக்கே. பின்னர் புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் பிரதி செய்தால் போதுமானது. நீள்வட்டமான 'சி' வகை முனை கண்டு வேகம் அதிகமென மயங்கவும் வேண்டாம். அது வடிவத்தின் பெயரேயன்றி வேகத்தின் பெயரன்று. கையடக்கத் தொலைபேசியை மின்னேற்றும் 'சி' வடங்கள் பல 2.0 வேகத்தையே தரும் என்பதால், வன்தட்டுடன் வந்த வடத்தையே பயன்படுத்துவது நன்று.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 3.5 அங்குல வன்தட்டுக்குத் தனி மின்மாற்றி தேவை. 2.5 அங்குல வன்தட்டோ கணினியிலிருந்தே மின்னைப் பெறும். எழுதிக்கொண்டிருக்கையில் மின் அறுந்தால் கோப்புகள் பழுதடையக்கூடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்த மின்வெட்டை அனுபவித்த நாட்டில், மடிக்கணினியின் மின்கலத்திலேயே இயங்கும் சிறிய வன்தட்டே எமது தெரிவாகும். எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தாலும் தாங்கும்; வேகமும் பன்மடங்கு. எனினும் டெராபைட் கணக்கில் விலை அதிகம் என்பதோடு, மின்னின்றி நெடுங்காலம் அலுமாரியில் கிடந்தால் தரவை இழக்கும் வாய்ப்பும் உண்டு. பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கானது, சேமித்து வைப்பதற்கானதன்று.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய விதியொன்று உண்டு: மூன்று பிரதிகள், இரு வேறு சாதன வகைகள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். வீட்டைப் பொறுத்தவரை கணினியில் உள்ளதுடன் இரு வன்தட்டுகள் இருப்பது நல்ல தொடக்கம். ஒன்றை வாரந்தோறும் இணைத்து, பிரதி செய்து, முறைப்படி விடுவித்துக் கழற்றி வைக்க வேண்டும். எந்நேரமும் இணைந்திருக்கும் வன்தட்டையும் நச்சு நிரல் பூட்டிவிடும். மின்னல் தாக்கினாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். மற்றையது வேறு ஊரில் இருக்கட்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியபோது, கணினியும் வன்தட்டும் ஒரே மேசையில் இருந்த வீட்டில் இரண்டுமே நனைந்திருக்கும். கொழும்பில் வசிப்போர் கண்டியிலோ மட்டக்களப்பிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்றை வைத்து, பெருநாளுக்கோ பொங்கலுக்கோ செல்லும்போது மாற்றி வரலாம்.

கூகுள் போன்ற இணையச் சேமிப்பகங்களை மூன்றாவது பிரதியாகக் கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் முக்கிய ஆவணங்களுக்குப் போதுமானது. ஆனால் கணினியில் அழித்தது அங்கும் அழியும் வகையிலேயே ஒத்திசைவு இயங்குவதால், அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

விண்டோஸ், மேக் இரண்டிலும் வாசிக்க எக்ஸ்ஃபாட் வடிவமைப்பு ஏற்றது. ஆண்டுக்கு இருமுறையேனும் வன்தட்டிலுள்ள சில கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். வெளியூரில் வைப்பதற்குக் கடவுச்சொல் இட்டுப் பூட்டினால், அச்சொல்லை வீட்டிலுள்ள இன்னொருவரும் அறிந்திருப்பது அவசியம்.