பொந்து விழுந்த மரத்தை எடுத்துடணுமா?

2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். புதுச்சேரியைப் பொறுத்தவரை, இந்த மாதிரி புயல் ஒன்று போனதும் தெருத்தெருவாக எழும் கேள்வி: வீட்டோரம் பொந்து விழுந்து நிற்கும் மரத்தை எடுத்துடலாமா, விட்டுடலாமா?

பொந்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதுதான் நான் படித்துப் புரிந்துகொண்டது.

மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய பகுதியில். நடுவில் இருக்கும் வைரம் செத்த திசு. அது மக்கினாலும் மரம் தழைக்கும். சரி, பலம் குறையாதா? குறையும், ஆனா நாம நினைக்கிற அளவு இல்லை. பொந்தின் விட்டத்தைத் தண்டின் விட்டத்தால் வகுத்து, அந்த எண்ணை நான்கு தரம் போட்டுப் பெருக்குங்கள். வருவதுதான் இழப்பு. 60 செ.மீ. தண்டில் 30 செ.மீ. பொந்து என்றால் 6 சதவீதம். 42 செ.மீ. என்றால் 24. 54 செ.மீ. ஆகும்போது 66-க்கு எகிறிவிடும். இது நடுவில் மூடிக்கிடக்கும் பொந்துக்கான கணக்கு. ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

பொந்தைச் சுரண்டி சிமெண்ட் அடைப்பது பழைய வழக்கம். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ 1970-களில் காட்டியது வேறு: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. சுரண்டினால் உடைவது அந்தச் சுவர்தான்.

ஹவுரா தாவரவியல் பூங்கா ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது. பூஞ்சை ஏறியதால் 1925-ல் அடிமரத்தையே அகற்றினார்கள். விழுதுகள் தாங்க இன்றும் நிற்கிறது. நம்ம தெரு வேம்புக்கு விழுது கிடையாது. அதற்கு வேர்தான் எல்லாம்.

ஆகவே கீழே குனிஞ்சு பாருங்க. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் எழும்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா? சாய்வு புதுசா? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? சாக்கடைக்கோ குழாய்க்கோ தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டினார்களா? மண் ஊறிய நேரத்தில் வேரோடு சாய்வது இப்படிப்பட்ட மரம்தான். கடைசியாக, விழுந்தால் யார் மேல் விழும்?

இப்படிப் பார்த்ததில் எங்கள் தெருவில் பொந்து வேம்பு தப்பியது. எதிரே பச்சைப்பசேலென்று நின்ற மயில்கொன்றையின் அடியில்தான் மண் பிளந்திருந்தது. ஸ்கூல் ஆட்டோ தினமும் நிற்பது அதன் நிழலில். அதை எடுக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். நல்ல நிழல், மனசுக்குக் கஷ்டம்தான்.

வைத்துக்கொள்ளும் மரத்தை மொட்டையடிக்காதீர்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் கம்மி. அடுத்த காற்றில் அதுதான் முதலில் முறியும். காய்ந்த கிளையையும் வீட்டுப் பக்கம் நீண்ட பாரத்தையும் மட்டும், கிளை தொடங்கும் வீக்கத்துக்கு வெளியே அறுத்து எடுத்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை, பெருமழை விட்டதும் ஒருமுறை, அடிமண்ணைப் பார்த்துடுங்க.