தோட்டத்துப் புழுங்கல் சோறு

நூறாண்டுக்கு முன் மலாயாவின் நெகிரி செம்பிலான் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சடைத்து மாண்டார்கள். நோயின் பெயர் பெரிபெரி. தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. ஊர்ப் பழக்கம் விடாமல் அவர்கள் பொங்கியது புழுங்கலரிசி. நோயிலும் சோற்றிலும் இருந்த இந்த வித்தியாசத்தைக் கூர்ந்து கவனித்தவர் மாநில மருத்துவர் பிராடன்.

1907-இல் ஜெலுபு வட்டாரத்து டூரியான் தீப்புஸில், சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர் ஏறக்குறைய 300 பேரை ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசி. மறு பிரிவுக்குப் புழுங்கல். பச்சரிசிப் பிரிவில்தான் பெரிபெரி வந்தது. பாவம், அவர்கள் உடம்பை வைத்தே உண்மை தெரிந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேல்தோலில் உள்ள, பெரிபெரியைத் தடுக்கும் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது பெருமளவு தங்கிவிடும்.