பழைய ஜீப் வைத்திருக்கிறீர்களா? பின் சக்கரத்துக்குப் போகும் இந்தச் சின்ன வால்வைக் கவனியுங்கள்!

கேளம்பாக்கத்தில் வீடு பார்ப்பவர்களை முதலில் இழுப்பது காற்று. சில கிலோமீட்டரில் கோவளம் கடற்கரை, நடுவே கழிமுகமும் உப்பளங்களும். மனிதர்களுக்கு இதமான இந்த உப்புக்காற்று, வாசலில் நிற்கும் பழைய ஜீப்புக்கு ஆகாது. பாடியில் வரும் துரு கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் அடித்துவிடலாம். வண்டிக்கு அடியில், பின் சக்கர பிரேக்குக்குப் போகும் வால்வில் வரும் துருவை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. உயிரோடு விளையாடுவது அந்தத் துருதான்.

என்ன வேலை செய்கிறது?

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகத் தூக்கும். அந்த நேரத்தில் பின் சக்கரங்களுக்கும் முழு அழுத்தம் போனால் அவை பூட்டிக்கொள்ளும், வண்டி வாலைச் சுழற்றும். இதைத் தடுக்கத்தான் சேசிஸில் இந்த வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ அதைப் பின் ஆக்ஸிலோடு இணைக்கும். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும்.

வில்லிஸ் காலத்து ஜீப்புகளில் இது கிடையாது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயமானது. அப்படிப்பட்ட வண்டிகளில் இந்த வேலையை எலெக்ட்ரானிக்ஸே பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்து வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு உண்டு.

துரு இரண்டு பக்கமும் வரும்

வெளியே உப்பும் சேறும் பட்டு இணைப்புக் கம்பி இறுகும், பைப் நட்டுகள் வால்வோடு ஒட்டிக்கொள்ளும். 2015, 2023 டிசம்பர் வெள்ளம்போல ஆக்ஸில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம்.

உள்ளே துரு வரக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வால்வின் உள்சுவரை அரிக்கும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்கான அளவுகோல் 140 டிகிரிதான். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில், குடும்பத்தோடு இறங்கும்போது ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும்.

அறிகுறிகள் என்ன?

மழையில் பிரேக் அடித்தால் வண்டியின் பின்பக்கம் ஒதுங்குவது, ஆள் ஏறினால் வண்டி நிற்க அதிக தூரம் எடுப்பது, முன் பிரேக் பேட் மட்டும் சீக்கிரம் தேய்வது, வால்வைச் சுற்றி ஈரக்கசிவு, பிரேக் ஆயில் அளவு குறைந்துகொண்டே போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ராம்ப்பில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு தெரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ரிப்பேரா, மாற்றுவதா?

கம்பி மட்டும் இறுகியிருந்தால் சுத்தம் செய்து சரிபார்க்கலாம். உள்ளே அரிப்பு வந்துவிட்டால் மாற்றுவதுதான் சரி. குழி விழுந்த சுவரில் புது ரப்பர் சீல் போட்டாலும் நிற்காது. இதில் இரண்டு குறுக்குவழிகளைத் தவிருங்கள். ஒன்று, வால்வையே எடுத்துவிட்டு நேராகப் பைப் இணைப்பது. காலி வண்டியில், ஈரச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ள அதுவே காரணமாகிவிடும். இன்னொன்று, புதுப்பேட்டையில் பழைய வால்வு வாங்குவது. பம்பர், கதவுக்கு அந்தச் சந்தை சரி. பிரேக் பாகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. உங்கள் மாடலுக்கான புதிய வால்வையே கேட்டு வாங்குங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

* முதல் நாளே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். சாதாரண ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும், பிரேக் பைப்புக்கான ஸ்பேனர் தேவை.

* பைப்பும் துருப்பிடித்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சாதாரண செம்புக் குழாய் போடக் கூடாது.

* கழற்றும் முன் கம்பி இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவு மாறினால் புது வால்வும் தவறாகவே வேலை செய்யும்.

* பாகங்களைப் பெட்ரோல், டீசலில் கழுவினால் ரப்பர் உப்பிவிடும். பிரேக் கிளீனர் போதும்.

* ஏர் எடுக்கும்போது பின் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. வண்டி காலி என்று நினைத்து வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும், காற்று முழுதாக வெளியேறாது.

* உயரம் கூட்ட நீளமான ஸ்பிரிங் போட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அப்போதும் வால்வு ஏமாறும், கம்பியின் அளவைத் திருத்த வேண்டும்.

வேலை முடிந்ததும் ஆளில்லாத சமதளத்தில், குறைந்த வேகத்தில் சோதித்த பிறகே சாலையில் இறக்குங்கள்.

கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிரேக் ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பதிவு செய்து 15 வருடமான சொந்த வண்டிக்கு ஆர்.சி புதுப்பிக்கப் போகும்போது எப்படியும் பிரேக்கைப் பார்ப்பார்கள். அதுவரை காத்திருக்காமல், அடுத்த சர்வீஸிலேயே அந்த வால்வைக் காட்டச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்க்க 5 நிமிடம் போதும்!