மருத்துவமனையில் கலை: சலுகையா, உரிமையா?

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றையொட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் மருத்துவம் குறித்த பேச்சு பெரும்பாலும் மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது: படுக்கை, மருந்து, செலவு. நோயாளிகளுக்கு ஓவியமும் இசையும் கதையும் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொன்னால், மாத்திரைக்கே வழியில்லாதவர்களுக்கு ஓவியம் எதற்கு என்ற கேள்வி உடனே எழுகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால், அது ஏழைகளை நோக்கி மட்டுமே கேட்கப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவரின் நோயறையில் தொலைக்காட்சியும் புத்தகமும் இயல்பானவை. பொது வார்டில் இருப்பவருக்கு உயிர் பிழைத்தலே போதும் என்று கருதப்படுகிறது. இந்த அளவுகோலுக்குள் சாதியும் வர்க்கமும் ஒளிந்திருக்கின்றன.

கலை என்ன செய்யும், என்ன செய்யாது?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோய்த் தடுப்பிலும், சிகிச்சைக் காலத்திலும், நாட்பட்ட நோய்களோடு வாழ்வதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்பது அதன் முடிவு. கலை மருந்துக்கு மாற்றன்று. அது நோயாளியின் பதற்றத்தையும் தனிமையையும் குறைக்கிறது. பக்கவாதத்திற்குப் பின் கையசைவை மீட்கும் பயிற்சிக்குத் துணை நிற்கிறது. பேச்சிழந்த சிலர் பாடலின் வழியே சொற்களை மீட்க உதவுகிறது.

இதைவிட எளிய பயனும் ஒன்று உண்டு. எப்போது உண்பது, எப்போது உறங்குவது என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் இடம் மருத்துவமனை. வாரத்தில் பலமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பவர், எந்த நிறத்தைத் தேர்வது என்று தானே தீர்மானிக்கும்போது, அந்த நாளில் அவருடைய முடிவாக ஒன்றேனும் இருக்கிறது.

இந்த மண்ணின் முன்னுதாரணம்

இதற்கு நாம் மேலை நாடுகளைப் பார்க்க வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை சீரானாலும் ஊர் அவர்களுக்கு வேலை தரவில்லை. ஆகவே, கல்லூரி வளாகத்தில் ‘புதுவாழ்வு மையம்’ தொடங்கப்பட்டது. சிகிச்சை பெற்ற இளைஞர்கள் அங்கே தங்கி மரவேலை கற்றனர், பொம்மைகள் செய்தனர். அவர்களுடைய கைக்காயங்களைத் தொடர்ந்து கவனித்தபோது மருத்துவ உண்மையொன்று உறுதியானது: நோய் நேரடியாக விரலைத் தின்பதில்லை, உணர்விழந்த கை வலியறியாமல் காயப்பட்டே சிதைகிறது. உளியும் மரமும் பிடித்த கைகள் மருத்துவத்திற்கே பாடம் சொல்லின. 1955இல் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆய்வு, பயிற்சி மையம் அப்பணியைத் தொடர்ந்தது.

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள பாரதபுரம் தொழுநோயாளர் குடியிருப்பில், ஆஸ்திரியக் கலைஞர் வெர்னர் டோர்னிக்கும் சமூகச் செயற்பாட்டாளர் பத்மா வெங்கட்ராமனும் 2005இல் ‘பிந்து’ கலைப்பள்ளியைத் தொடங்கினர். அதுவரை தூரிகையே பிடித்திராத முதியவர்கள் அங்கே ஓவியர்களாயினர். அவர்களின் படைப்புகள் வெளிநாடுகளிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ‘தொடக் கூடாதவர்’ என்று ஒதுக்கப்பட்டவரின் கை தொட்ட தாள், பிறர் விரும்பி வாங்கும் பொருளானது. தீண்டாமையை அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 21ஆம் பிரிவை விரித்துரைத்தது. வாழும் உரிமை என்பது மாண்போடு வாழும் உரிமை. படிப்பதும் எழுதுவதும் பல வடிவங்களில் தன்னை வெளிப்படுத்துவதும் அதில் அடங்கும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 29ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமையாக்குகிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் இச்சட்டத்தின் அட்டவணையில் உள்ளனர்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 20ஆம் பிரிவு, மனநல நிறுவனங்களில் ஓய்வு, பொழுதுபோக்கு, கல்விக்கான வசதிகளை நோயாளியின் உரிமையாகச் சொல்கிறது. கட்டாய வேலை கூடாது, செய்த வேலைக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. சிகிச்சை என்ற பெயரில் பொருள் செய்ய வைத்து, விற்ற பணத்தை நிறுவனமே வைத்துக்கொள்ள முடியாது என்பதே இதன் பொருள்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 19ஆம் பிரிவு, முதியோர் இல்லங்களுக்கான தரங்களைப் பற்றிப் பேசும்போது மருத்துவ வசதியோடு பொழுதுபோக்கு வசதிகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது.

யாருடைய கலை?

நமது வட்டாரத்தில் சுண்ணாம்புக் குழியிலும் குரோமிய நீரிலும் நின்று தோல் பதனிட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். குரோமியத்தால் வரும் நோய்களைத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களாகவே ஏற்றிருந்தது. அந்தக் கைகள் தோலை மட்டும் அறிந்தவையல்ல. அதே தோலைப் பறையாக்கி இசைத்த மரபும் இம்மக்களுடையது. வடஆற்காட்டுத் தெருக்கூத்தும் ஒப்பாரியும் கதைப்பாடல்களும் இவர்கள் நினைவில் வாழ்கின்றன.

ஆனால், வார்டுக்குக் கலை வரும்போது ‘செவ்வியல்’ என்று மதிக்கப்படுவது மட்டும் வந்து, பறை சாவுக்குரியது என்று வாசலில் நிறுத்தப்பட்டால், சாதி புது வேடத்தில் உள்ளே நுழைந்துவிட்டது என்றே பொருள். வார்டுக்குள் பேரொலி கூடாது என்பது சரி. திறந்த முற்றத்தில், விரும்புவோருக்காக இசைக்கத் தடையில்லை. கேட்பவராக மட்டுமன்றிக் கற்பிப்பவராகவும் நோயாளி இருக்க முடியும். பாட்டு அறிந்த முதிய தொழிலாளி பாட, மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

ஒருநாள் விழாவால் பயனில்லை. வாரம் ஒரு மணி நேரம், அதே குழு, அதே நேரம் என்று மருத்துவரின் அனுமதியோடு தொடங்கலாம். நோயாளி மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. இசைவின்றிப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் இடக் கூடாது. நோயாளியின் முகம் நமது விளம்பரப் பொருளன்று. நீரிழிவாலோ தொழுநோயாலோ உணர்விழந்த கைகளுக்குக் கத்தரிக்கோலும் சூடான மெழுகும் வேண்டாம். துணி சுற்றித் தடிமனாக்கிய தூரிகைப் பிடி போதும். வரைந்த படம் வரைந்தவருக்கே உரியது.

இதனோடு கேள்விகளும் எழுப்பப்பட வேண்டும். மாவட்டத்தில் உள்ள முதியோர் இல்லங்களிலும் மனநல நிறுவனங்களிலும் மேற்கண்ட பிரிவுகள் எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு நிதி செலவிடப்பட்டது எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் உரிய அலுவலகங்களுக்கு மனு அளிக்கலாம். முப்பது நாட்களுக்குள் பதிலளிப்பது அவர்கள் கடமை. நாம் கொண்டுசெல்லும் வண்ணப்பெட்டி நல்லெண்ணம் தீர்ந்ததும் நின்றுவிடலாம். அரசின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகப் பதிந்தால் மட்டுமே அது உரிமையாக நிலைக்கும்.