மாட்டு உண்ணியும் மனிதருக்கு வரும் காய்ச்சலும்

மாட்டின் காதிலும் மடி ஓரத்திலும் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடுங்கி, நகத்தால் நசுக்கிப் போடுவது மாடு வளர்ப்போர் பலரது வழக்கம். இது ஆபத்தான வழக்கம். கிரிமியன் காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலின் வைரஸ் ஹயலோமா இன உண்ணிகளில் வாழ்கிறது.

1944-ம் ஆண்டு கிரிமியாவில் அறுவடைக்கு உதவிய சோவியத் படைவீரர்களிடையே இந்நோய் முதலில் அறியப்பட்டது. இந்தியாவில் 2011 ஜனவரியில் குஜராத்தில் கண்டறியப்பட்டது. நோயாளிக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும்கூட இதற்குப் பலியாயினர்.

இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் அதன் மரபணுவை ஆராய்ந்தனர். அது சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று துண்டுகளாக உள்ளது. பெரிய துண்டிலிருந்து உருவாவது பாலிமரேஸ் என்னும் புரதம். 3,900-க்கும் அதிகமான அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட புரதம் இது. வைரசைப் படியெடுத்துப் பெருக்குவது இதன் வேலை.

படியெடுக்கையில் இப்புரதம் பிழைகள் செய்கிறது, அவற்றைத் திருத்துவதில்லை. அப்பிழைகளில் பல அடுத்த தலைமுறைக்கும் தொடர்கின்றன. பயிரின் குணங்களைக் கொண்டு விதையின் வழியை அறிவதுபோல், இம்மாற்றங்களை ஒப்பிட்டு வைரசின் வம்சத்தை அறியலாம். குஜராத் வைரசின் சிறிய துண்டு தஜிகிஸ்தான் வைரசையும், மற்ற இரு துண்டுகள் ஆப்கானிஸ்தான் வைரசையும் ஒத்திருந்தன. இரு வகை வைரஸ்கள் ஒரே உண்ணியில் சேரும்போது இவ்வாறு துண்டுகள் மாறிக் கலப்பதுண்டு.

கால்நடைகளும் பறவைகளும் உண்ணிகளை நெடுந்தூரம் சுமந்து செல்லக்கூடியவை. வைரஸ் தொற்றிய மாட்டின் இரத்தத்தில் அது சுமார் ஒரு வாரம் இருக்கும். ஆனால் மாட்டிடம் நோய்க்குறி எதுவும் தெரியாது. ஆகவே மாட்டைப் பார்த்து எச்சரிக்கை அடைய வழியில்லை. உண்ணியை ஒழிப்பதே வழி.

கவனிக்க வேண்டியவை:

உண்ணியை வெறுங்கையால் பிடுங்கவோ நசுக்கவோ கூடாது. கையுறை அணிந்து, இடுக்கியால் எடுக்க வேண்டும். கால்நடை மருத்துவரின் யோசனைப்படி உண்ணி மருந்து தெளிக்க வேண்டும். தொழுவச் சுவரின் வெடிப்புகளைப் பூசிவிடுவது நல்லது. மாடு, ஆடு அறுப்போர் இரத்தம் உடலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்ணி கடித்த சில நாட்களில் திடீர்க் காய்ச்சல், கடும் உடல்வலி, தலைவலி கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உண்ணி கடித்த செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் கூற வேண்டும். அந்த ஒரு தகவல் நோயாளியை மட்டுமல்ல, சிகிச்சை அளிப்போரையும் காப்பாற்றக்கூடும்.