வாயால் சொன்ன உத்தரவு

1956-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, 245 இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்களை ஒன்றாக்கி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனைத் தோற்றுவித்த சட்டத்தில், படிப்பவர் பலர் கவனியாமல் கடந்துபோகும் சிறு நிபந்தனை ஒன்று உண்டு. பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மத்திய சர்க்கார் கார்ப்பரேஷனுக்குக் கட்டளையிடலாம். ஆனால் அந்தக் கட்டளை எழுத்து மூலமாக இருக்கவேண்டும் என்பதே அது. ஓராண்டு நிறையுமுன்பே அந்நிபந்தனை மீறப்பட்டது.

1957 ஜூன் மாதம், கல்கத்தா வர்த்தகர் ஹரிதாஸ் முந்த்ராவோடு தொடர்புள்ள ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குக் கார்ப்பரேஷன் வாங்கிற்று. பணமோ, தங்களுக்குப் பின் மனைவி மக்களுக்கு ஆகட்டும் என்று நடுத்தரக் குடும்பத்தார் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பிரீமியம். முந்த்ராவோ பண நெருக்கடியில் சிக்கியிருந்தவர். யோசனை சொல்வதற்கென்றே அமைந்த முதலீட்டுக் கமிட்டியைக் கலந்தாலோசியாமலே பேரம் முடிந்துவிட்டது. ஆளும் கட்சி அங்கத்தினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி அவ்வாண்டு டிசம்பரில் லோக் சபையில் இதைக் கிளப்பினார். அதன்பின் பம்பாய் ஹைக்கோர்ட் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனியொருவராக நடத்திய பகிரங்க விசாரணையில்தான், வாங்கச் சொன்னவர் யார் என்ற ஆதாரக் கேள்வி வெளிப்பட்டது.

நிதிக் காரியதரிசி எச். எம். படேல், மந்திரியின் சம்மதத்தோடு செய்ததாகச் சொன்னார். நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தாம் அவ்வாறு சம்மதம் தரவில்லை என்றார். எழுத்தில் ஒரு கட்டளையும் இல்லை. ஆகையால் சட்டப்படி பார்த்தால் அது கார்ப்பரேஷனின் சொந்தத் தீர்மானம். நடந்தபடி பார்த்தால் நிதி இலாகாவில் உருவான தீர்மானம். சாக்ளாவின் முடிவு கறாரானது: காரியதரிசியின் செய்கைக்கு அரசியல் முறைப்படி மந்திரியே பொறுப்பாளி, காரியம் கெட்டபின் அதை அவர் கைகழுவ இயலாது. 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் அங்கம் வகித்த அவரை வீழ்த்தியது, மந்திரிசபையின் கூட்டுப் பொறுப்பை மட்டுமே கூறும் அச்சட்டத்தில் எழுதப்படாத ஒரு மரபு என்பது விசித்திரமே. 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததும் அம்மரபின்படிதான். ஆனால் அங்கே உத்தரவிட்டவர் யார் என்ற தகராறே இல்லை.

சாக்ளாவின் முடிவு நியாயமானதே எனினும், மந்திரி போனாரேயொழிய, வாயால் உத்தரவிடும் வழக்கம் போகவில்லை. மேலிருப்பவருக்குப் பின்னால் மறுக்கும் வசதியையும், கீழிருப்பவருக்கு "மேலிடத்து உத்தரவு" என்னும் கேடயத்தையும் ஒருங்கே அளிக்கும் வழக்கம் எவ்வாறு போகும்? எழுதித் தாருங்கள் என்று துணிந்து கேட்கும் உத்தியோகஸ்தருக்கு மாற்றல் உத்தரவு மட்டும் தவறாமல் எழுத்திலேயே வந்து சேர்வதுண்டு. 1968-ஆம் ஆண்டு அகில இந்திய ஊழியர் நடத்தை விதிகள், வாய்மொழிக் கட்டளையைப் பின்னர் எழுத்தில் உறுதிசெய்வது மேலதிகாரியின் கடமை என்றும், அதைக் கேட்டுப் பெறுவது கீழதிகாரியின் கடமை என்றும் விதித்திருந்தும், ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தரான டி. எஸ். ஆர். சுப்பிரமணியனும் பிறரும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31-இல் சுப்ரீம் கோர்ட் அதையே மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. வாய்மொழிக்கு இணங்கிச் செய்தவர், தீர்மானம் தம்முடையதன்று எனப் பின்னர் வாதிக்க முடியாது என்று கோர்ட் எச்சரித்தது. அதே தீர்ப்பில், பதவியில் குறைந்தபட்சக் கால வரையறை வேண்டும் என்றும் கட்டளையிட்டது. மாற்றல் பயம் நீங்காமல் எழுத்துக் கேட்கும் துணிவு பிறவாது என்பதால் இதுவே அத்தீர்ப்பின் சாரமான பகுதி என்பது என் அபிப்பிராயம்.

பதிவு இல்லாத உத்தரவு, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் வெறுங் காகிதமாக்கிவிடுகிறது. ஆயினும், அரசு அலுவலகத்தில் "மேலிடத்து உத்தரவு" என்ற பதிலைக் கேட்கும் வாசகர், வாக்குவாதத்தில் இறங்காமல், அச்சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதி அந்த உத்தரவின் நகலைக் கேட்பாராக. 30 நாட்களுக்குள் நகல் வரவேண்டும். அல்லது அப்படியோர் உத்தரவு பதிவில் இல்லை என்ற பதில் வரவேண்டும். இரண்டாவது வந்தால் அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டில் உதவும்.