ஒலியையும் படத்தையும் வழிப்படுத்தல்

தொலைக்காட்சி நிலையமொன்றில் ஒலிவாங்கிகளும் படப்பிடிப்புக் கருவிகளும் பல. அவற்றிலிருந்து வருவனவற்றை ஏற்கும் கருவிகளும் பல. எதனை எதனோடு இணைப்பது? முன்னர் வடங்களைக் கையாற் பிடுங்கிச் செருகினர். இன்று அத்தொழிலைப் பெரும்பாலும் வழிப்படுத்தி என்னும் பொறி ஆற்றுகின்றது.

அதன் அமைப்புச் சதுரங்கப் பலகை போன்றது. உள்வரும் தடங்கள் நிரைகளாகவும், வெளிச்செல்லும் தடங்கள் நிரல்களாகவும் குறுக்கிடும் சந்திதோறும் ஓர் ஆளி உண்டு. இரு வகையிலும் 16 தடங்களாயின் ஆளிகள் 256 ஆகும்.

ஈண்டுப் பேணவேண்டிய விதி ஒன்றுளது. ஒரு நிரையில் எத்தனை ஆளிகளையும் மூடலாம். ஒருவர் பேச்சைப் பலர் கேட்பதில் இழுக்கில்லை. ஒரு நிரலிலோ ஓர் ஆளியே மூடப்படலாம். இரண்டு மூடப்படின் இரு சைகைகளும் ஒன்றையொன்று குலைக்கும். கலத்தல் வேறொரு பொறியின் தொழிலாகும்.

இப்பொறிக்கு இடும் கட்டளை மிகச் சிறியது. ஐந்தாம் வெளியீட்டுக்கு மூன்றாம் உள்ளீடு என்பதை உணர்த்த இரண்டு எண்களே போதும். அவ்வெண்களில் ஒன்று பிழைப்பினும் நாடெங்கும் தவறான காட்சி சென்றுவிடும். ஆதலின் ஒளிபரப்புக்குரிய வெளியீட்டைப் பிறர் மாற்றாவண்ணம் பூட்டிவைப்பர். மாற்றுங்காலும், ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குமுன் உள்ள சிற்றிடைவெளியிலேயே மாற்றுதல் வேண்டும். அன்றேல் திரையிற் காட்சி துள்ளும். விதியும் காவலும் காலமும் பிழையாதவழியே இப்பொறியின் விரைவு பயன்தரும்.